பின்னால் நிற்க ஆள் கேட்ட மேரி

செய்தி வந்தபோது நான் மூலக்குளத்து நெரிசலில் நின்றிருந்தேன். நின்றிருந்தேன் என்பது குறைத்துச் சொல்வது. முன்னால் ஒரு டைல்ஸ் லாரி, பின்னால் ஒரு கல்லூரிப் பேருந்து. நடுவில் என் ஸ்கூட்டர் வேர் விட்டு, கிளை விட்டு, காய்க்கிற பருவத்துக்கு வந்திருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. நான் நிரல் எழுதுகிற கம்பெனியின் முதலாளி ராமலிங்கம்.

“மாமா, மேரிம்மா போயிட்டாங்க. காலையில.”

லாரி ஒரு முழம் நகர்ந்தது. பேருந்துக்காரர் ஹாரனை அழுத்தினார்.

“கேக்குதா மாமா? குருவிநத்தத்துக்கு எடுத்துனு போறாங்களாம். சாயங்காலம் அடக்கம்.” பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவன் போல மெதுவாகக் கேட்டான்: “இனிமே அவங்க மொழிய யாரு பாக்கறது?”

அதற்காக அவனைக் குறை சொல்லாதீர்கள். பாகூர்ப் பக்கமும் மண்ணாடிப்பட்டுப் பக்கமும் பொதுவில் போர்வெல் போட்டு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற குழுக்களின் மோட்டார்கள் மேரி கட்டிய அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதைக் கேட்டுத்தான் ஓடுகின்றன. அதை முழுதாக அறிந்தவர் உலகத்தில் ஒருவர். அவர்தான் போய்விட்டார். அரைகுறையாக அறிந்தவன் இன்னொருவன் இருந்தான். அவன் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

மேரியைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். சான்றிதழில் ஆரோக்கியமேரி, கல்லூரியில் மேரி மேடம், கழனிகளில் ‘மோட்டாரம்மா’. குருவிநத்தத்தில் கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் மொழிகளை எப்படிக் கட்டுவது என்ற பாடத்தைக் கல்லூரியில் நடத்தியவர். அந்தப் பாடம் வேலை வாங்கித் தராது என்று கல்லூரி அதைத் தூக்கிவிட்டது. மேரி ஒரு கைப்பையோடு எங்கள் கம்பெனி மாடிப்படி ஏறி வந்தார். கீழே டைல்ஸ் கடை. அவர்கள் கல் அறுக்கும் ஓசையில் எங்கள் கட்டடம் தினமும் ஒருமுறை இடிந்து, மாலையில் தானாக எழுந்து நின்றுகொள்ளும். அந்த இரைச்சலில்தான் அவர் ஒரு மொழியைக் கட்டினார். பெயர் வைக்கவில்லை. நாங்கள் ‘பிடிவாதம்’ என்று கூப்பிட்டோம்.

ராமலிங்கத்தின் குடும்பம் வில்லியனூரில் தலைமுறையாக இரும்புக்கடை வைத்திருக்கிறது. வந்த புதிதில் மேரியிடம் அவன் நேராகவே கேட்டான்.

“மேடம், உலகத்துல இருக்கற மொழியெல்லாம் பத்தலியா? புதுசா ஒண்ணு இன்னாத்துக்கு?”

“உங்க கடையில நட்டு போல்ட்டு எப்படிக் குடுப்பீங்க?”

“பெட்டி பெட்டியா இருக்கும். மேல அளவு எழுதியிருக்கும்.”

“ஏன்? எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டி வச்சா இன்னா? எடுத்துனு போயி மாட்டிப் பாக்கட்டுமே.”

“மாட்டிப் பாத்து மரை தேஞ்சிச்சின்னா? ஆளு மோட்டாரையே கழட்டி வச்சினு கழனியில ஒக்காந்திருப்பான். என்னத்தான் திட்டுவான்.”

“அவ்ளோதான் சார். இப்ப நீங்க எழுதற மொழி சாக்கு. நான் கேக்கறது பெட்டி.”

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை உண்டு. எந்த வகை எதோடு சேரும் என்பதை நிரல் ஓடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இதைத்தான் பெரிய பெரிய புத்தகங்களில் கிரேக்க எழுத்துகளை இறைத்து எழுதியிருக்கிறார்கள். மேரி அதை ஒரு இரும்புக்கடைக்காரனுக்கு அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். “எழுதறப்போ திட்டு வாங்கிக்கலாம், கழனியில வாங்கக் கூடாது” என்பார். நாங்கள் எழுதும்போது வாங்கிய திட்டை அடுக்கியிருந்தால் ஊசுடு ஏரிக்கு இன்னொரு கரை கட்டியிருக்கலாம்.

டீக்கடையிலும் அவருக்கு ஓய்வில்லை. மற்ற மொழிகளில் எந்தப் பெட்டியிலும் பொருளுக்குப் பதிலாக ‘ஒன்றுமில்லை’ என்பதும் இருக்கலாம். இருக்கிறது என்று நம்பிக் கை வைத்தால் நிரல் விழுந்துவிடும். இது அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் நான் பேச்சு மும்முரத்தில், டீ வருவதற்கு முன்பே கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனேன்.

“அண்ணே, கையில கிளாஸே இல்ல.”

“அட!”

“டீ வரும், இல்லன்னா வராது. ரெண்டுமே நடக்கறதுதான். ஆனா வராத டீயக் குடிக்கறீங்க பாருங்க, அதான் உங்க மொழி. என் மொழியில வந்துச்சான்னு பாக்காம வாயத் தொறக்க முடியாது.”

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாய்லர் ஆடியது. பிறகு பல காலம் எனக்கு டீ தரும்போதெல்லாம் அவர் “வந்துச்சி சார்” என்று சொல்லிவிட்டுத்தான் தந்தார்.

என் கதைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் மொழியில் எங்கே முடியும் என்று காட்டாமல், திரும்பத் திரும்ப ஓடும் எந்தச் சுற்றையும் ஆரம்பிக்க முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் இயந்திரம் இருக்கவே முடியாது என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்கள். “அதனால முடியும்னு கண்ணுக்குத் தெரியறத மட்டும் நான் உள்ள வுடறேன்” என்பார். நான் சங்கராபரணி வெள்ளத்தில் எருமையைத் தோளில் தூக்கி நீந்திய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தார்: “அண்ணே, உங்க கதைய என் மொழி ஏத்துக்காது. எங்க முடியும்னே தெரியல.” எருமை அங்கேயே நின்றுவிட்டது. இன்றுவரை கரை ஏறவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. மேரி எதற்காக அந்த மொழியைக் கட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

பொதுப் போர்வெல்லில் மோட்டார் கொட்டகைக்கு ஒரு சாவி. யார் முறையோ அவர் கையில் சாவி. பாய்ச்சி முடித்தால் அடுத்தவர் கையில் கொடுப்பார். சுவரில் மாட்டிவிட்டுப் போக மாட்டார், வாசலில் வைக்க மாட்டார், கைக்குக் கை. கொடுத்தபின் அவரிடம் இல்லை, வாங்கும்வரை இவரிடம் இல்லை. எங்கள் கம்பெனி அதைப் போனுக்குக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம், முறையை அடுத்தவருக்கு அனுப்பலாம். முதல் நிரலை எழுதிய பையன் பிறகு பெங்களூர் போய்விட்டான். அவன் எழுதியது முறையை அனுப்பவில்லை. பிரதி எடுத்து அனுப்பியது. கொடுத்தவரிடமும் இருந்தது, வாங்கியவரிடமும் இருந்தது. சுத்துக்கேணி கிராமத்தில் ஒரு காலை முழுக்க ஒருவர் போட, ஒருவர் அணைக்க, மோட்டார் விக்கல் எடுத்தது. இரண்டு குடும்பங்கள் மண்வெட்டியோடு வரப்பில் ஏறிவிட்டன.

மேரி அந்த நிரலைப் படித்துவிட்டுக் கேட்டது இவ்வளவுதான்: “சாவிய எவனாவது ஜெராக்ஸ் எடுப்பானா?”

எண்ணைப் பிரதி எடுக்கலாம், பெயரைப் பிரதி எடுக்கலாம். சில பொருள்களைப் பிரதி எடுக்கக் கூடாது, தொலைக்கவும் கூடாது. ஒரே ஒருமுறை ஒருவர் கையில் ஒப்படைத்தே ஆக வேண்டும். அப்படி ஒரு வகையை அவர் மொழிக்குள் வைத்தார். இப்படிச் செய்யலாம் என்பது அறிஞர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், தான் கண்டுபிடித்ததல்ல என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் சுத்துக்கேணிச் சாவியைப் பார்த்து அதை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது அவர். அதன்பின் முறை இரட்டிக்கவில்லை, காணாமல் போகவில்லை. ராமலிங்கம் மகிழ்ச்சியில் அலுவலகத்துக்கு ஒரு புது மின்விசிறி வாங்கினான். இரும்புக்கடைக் குடும்ப வரலாற்றில் அது ஒரு புரட்சி.

பிறகு வேணு இறந்தார்.

சுத்துக்கேணிக் குழுவில் ஒருவர். அன்று அவர் முறை. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நடுவில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. திரும்ப வந்தபோது அதைப் போட யாராலும் முடியவில்லை. முறை வேணுவின் போனில் இருந்தது. போன் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். நெல் பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் பதராகிவிடும். அடுத்த முறைக்காரரான குப்புசாமி எங்களுக்குப் போன் போட்டார். “பின்வாசல் ஏதாவது இருந்தா தொறந்து வுடுங்க மேடம்” என்றான் ராமலிங்கம். மேரி பின்வாசல் வைக்கவில்லை. ஒன்று வைத்தால் எல்லோரும் அதில்தான் நுழைவார்கள் என்பது அவர் கட்சி.

என் ஸ்கூட்டரிலேயே இருவரும் போனோம். சாவு வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடல் பெஞ்சில் கிடந்தது. குழுவினர் தள்ளி நின்றார்கள். போனைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. யாரோ ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“கட்ட வெரல வச்சா தொறந்துக்கும் இல்ல?”

“ஆமா, ஒரு நிமிஷம்தான். யாரும் பாக்காதப்போ...”

மேரி திரும்பினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“அவர் கையத் தொடாதீங்க. தப்பு என்னுது. மோட்டார நான் கையாலயே போட்டுத் தரேன், வாங்க.”

கொட்டகையில் எங்கள் கருவியின் ஒயரைக் கழற்றிப் பழைய ஸ்டார்ட்டரில் மாட்டினோம். பச்சைப் பொத்தானைக் குப்புசாமி அழுத்தினார். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. மடைக்குப் போன குப்புசாமி மண்வெட்டியால் அதைத் தன் கழனிப் பக்கம் திருப்பவில்லை. வேணுவின் பக்கம் திருப்பினார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

“வேணு முற பாதியில நின்னு போச்சி இல்ல? அத்த முடிச்சிட்டுதான் எனுது. சாவு வுழுந்தா அப்புடித்தான்.”

திரும்பி வரும் வழியில் வில்லியனூர் தேரடி தாண்டியதும் பின்னாலிருந்து மேரி சொன்னார்: “கைக்குக் கை மாறணும்னு எழுதனேன் அண்ணே. கையே இல்லாமப் போவும்னு எழுதல.”

கூட்டியும் குறைத்தும் பேசிப் பிழைப்பவன் நான். அன்று என்னிடம் ஒரு பொய்யும் இல்லை.

அந்த அறுவடை முடியும்வரை அவர் யாரோடும் டீ குடிக்க வரவில்லை. பிறகு ஒரு புது விதியோடு வந்தார். முறை ஒன்றை உருவாக்கினால், அதை வைத்திருப்பவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். அவரும் சம்மதித்திருக்க வேண்டும். முறையை வைத்திருப்பவரிடமிருந்து பதில் வராமல் போனால் என்ன நடக்கும் என்பதை எழுதாத நிரலை அந்த மொழி ஓடவே விடாது. நல்லது நடக்கும் வழியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போக முடியாது.

குழுக்களில் இதைச் சொல்லப் போனபோது நடந்த கூத்து பெரிது. “எனுக்கு இன்னா ஆயிடிச்சின்னு இப்பவே ஆள் கேக்கற?” என்று ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். குப்புசாமிதான் முதலில் பெயர் கொடுத்தார். கொடுத்தது அவரோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளியின் பெயர்.

“அவரா?” என்றார் மேரி. “ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லியே.”

“அதான்ம்மா. நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லியனுப்பினா நாளைக்கு வருவானுங்க. நான் செத்துப் பூட்டேன்னு காதுல வுழுந்தா மொத ஆளா ஓடியாறது அவன்தான்.”

மேரி சிரித்தார். வேணுவுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. பங்காளியும் சம்மதித்தார். “அவன் சாவுக்குன்னா நான் எப்பவும் ரெடி” என்றார்.

ஆனால் மொழிக்கே யார் பின்னால் நிற்பது என்ற கேள்வி இருந்தது. மேரிக்கு உடம்பு முடியாமல் போனபோது அது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை. ராமலிங்கம் மட்டும் என்னிடம், எல்லாவற்றையும் கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண மொழிக்கு மாற்றிவிடலாமா என்றான். ஆள் சுலபமாகக் கிடைக்கும். சாக்குக்குத் திரும்புவது என்று அவனுக்கும் தெரியும். “இன்னா மாமா பண்ண, எனுக்கு மட்டும் ஆசையா?” என்றான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது மேரி தலையணையில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை. கேட்டார்.

“அண்ணே, எனக்குப் பின்னாடி நீங்க நிக்கறீங்களா?”

“நான் உனக்கு முன்னாடி போற ஆளும்மா. எமன் என் வூட்டு அட்ரசத் தேடி மூலக்குளம் டிராபிக்ல மாட்டினு கெடக்கறான்.”

“பேச்ச மாத்தாதீங்க.”

“பாக்கலாம்மா.”

“‘பாக்கலாம்’னு ஒரு வகையே என் மொழியில கெடையாது. ஆமாவா, இல்லியா?”

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் எத்தனை மொழி வந்தது, எத்தனை போனது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக அரிச்சுவடி படித்துப் படித்து மண்டை தேய்ந்துவிட்டது. ஜோக்கடிப்பதை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“இல்ல மேரி. அசதியா இருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. “சரிண்ணே. இல்லன்றதும் பதில்தான். அத்த வச்சிகினு வேற எதனா யோசிக்கலாம்.” ஒரு சுளையை என் கையில் வைத்தார். யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

குருவிநத்தம் கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. சுத்துக்கேணியிலிருந்து ஒரு டெம்போ நிறைய வந்திருந்தார்கள். குப்புசாமியும் பங்காளியும் ஒரே டெம்போவில், ஆளுக்கு ஒரு மூலையில். பாதிரியார் ஜெபம் முடித்தார். கைப்பிடி மண் போட்டோம். நான் இறந்தவர்களைப் பற்றி மேடை ஏறினால் ஊர் கலையும்வரை பேசுகிறவன். அன்று யாரோ பேசச் சொன்னபோது முடியவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாசலில் குப்புசாமி என்னிடம் வந்தார். அழுகிற குரல் இல்லை. கணக்குக் கேட்கிற குரலும் இல்லை.

“சாமி, சம்பா நடவு ஆரம்பிக்கறோம். ரெண்டு பேரு புதுசா குழுவுல சேரணும். மோட்டாரம்மாதான் சேத்து வுடும். இப்ப ஆவுமா?”

ராமலிங்கம் என்னைப் பார்த்தான். “பார்க்கலாம்” என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அது என் பரம்பரைச் சொத்து. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கைமாற்றுக்கும் அதைத்தான் பதிலாகக் கொடுத்திருக்கிறேன். என்னால் சொல்ல முடியவில்லை.

“ஆவும்” என்றேன்.

மறுநாள் மேரியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மொழியின் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஓடவில்லை. எல்லோருக்கும் வைத்த விதியைத் தனக்குப் பின் வருகிறவருக்கும் வைத்திருந்தார். ‘உங்களுக்குப் பின்னால் நிற்பவர் யார்?’ என்று திரையில் வந்தது. கீழே கல் அறுத்தார்கள். ராமலிங்கத்தை மாடிக்குக் கூப்பிட்டேன்.

“உன் பேரப் போடப் போறேன். சம்மதமா?”

“ஐயோ மாமா! எனுக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது.”

“நட்டு போல்ட்டு தெரியுமில்ல?”

“அது தெரியும்.”

“அப்ப ஒக்காரு. தெனமும் கட தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். ஆமாவா, இல்லியா?”

வெகு நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஆமா” என்றான்; வட்டிக்குக் கடன் வாங்குகிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

மேரியின் மொழி முழுதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று சொன்னால், அது என் வழக்கமான புளுகு. பாதி இன்னும் இருட்டு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். கெட்டது நடக்கும் வழியையும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மெதுவாகப் போகிறது, அசதி குறையவில்லை. நேற்று சுத்துக்கேணிக்காரர்கள் இரண்டு பேரைக் குழுவில் சேர்த்தோம். ஒருவருக்குப் பின்னால் அவர் மனைவி. மற்றவருக்குப் பின்னால் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவர் முறை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இன்று காலை ராமலிங்கம் கடையைச் சாத்தியே வைத்துவிட்டு, அவருக்கு ஆள் தேடிப் போயிருக்கிறான்.